எட்டு போட்டால் போதுமா?

செவ்வாய்ப்பேட்டையில் காலை எட்டரை மணி என்பது நெரிசல் நேரம். லீ பஜார் மண்டிகளில் விடிய விடிய மூட்டை இறக்கிய லாரிகள் வெளியேறிக்கொண்டிருக்கும். மளிகைச் சரக்கு ஏற்றிய குட்டியானைகள் சந்துகளுக்குள் நுழையும். இவற்றுக்கு நடுவில்தான் எங்கள் மாணவர்கள் பள்ளிக்கு வருகிறார்கள்.

ஒரு திங்கட்கிழமை, 9-ம் வகுப்பு மாணவன் ஒருவன் முழங்கையில் கட்டுடன் தாமதமாக வந்து வாசலில் நின்றான்.

"என்னப்பா ஆச்சு?"

"வண்டியில இருந்து விழுந்துட்டேங்க சார். மணல்ல சறுக்கிடுச்சு."

"யார் ஓட்டினது?"

"நான்தாங்க சார். சித்தப்பா வண்டி."

"உனக்கு லைசென்ஸ் இருக்கா?"

"சித்தப்பாவுக்கே இல்லைங்க சார்."

வகுப்பு முழுவதும் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அந்தச் சிரிப்பு அடங்கியபின் ஒரு கேள்வி மனத்தில் தங்கிவிட்டது. உரிமம் இல்லாமல் ஓட்டுவது நகைச்சுவையாகத் தெரியும் அளவுக்கு நமக்குப் பழகிவிட்டதா? அந்த வாரம் மூன்று பாடவேளைகளை இதற்காக ஒதுக்கினேன். "ஓட்டுநர் உரிமத் தேர்வைக் கடுமையாக்க வேண்டுமா?" என்பது தலைப்பு. அந்த அனுபவத்தை ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு வகுத்தல் கணக்கு

முதலில் கரும்பலகையில் இரண்டு எண்களை எழுதினேன். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் (64,105) நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது நம் மாநிலம்தான்.

17,884-ஐ 365-ஆல் வகுக்கச் சொன்னேன். ஈவு 48, மீதி 364. ஏறத்தாழ நாளுக்கு 49 பேர். "சார், நம்ம கிளாஸ்ல 41 பேருதான் இருக்கோம்" என்றாள் முன்வரிசை மாணவி. இம்முறை யாரும் சிரிக்கவில்லை.

வீட்டுப்பாடமாக மூன்று கேள்விகள்

உரிமம் வைத்திருக்கும் ஒருவரிடம் மூன்று கேள்விகள் கேட்டுவரச் சொன்னேன். வண்டி ஓட்ட எப்படிக் கற்றுக்கொண்டீர்கள்? உரிமத் தேர்வில் என்ன செய்யச் சொன்னார்கள்? தேர்வில் கேட்காத, பிறகு சாலையில்தான் கற்றுக்கொண்ட ஒரு விஷயம் என்ன?

மறுநாள் விடைகள் குவிந்தன. இருசக்கர வாகனம் ஓட்டுபவர்கள் அனைவரும் "எட்டு போட்டேன்" என்றே சொல்லியிருந்தார்கள். கார் ஓட்டுபவர்களில் சிலர், "கொஞ்ச தூரம் முன்னால போய் நிறுத்தச் சொன்னாங்க" என்றிருந்தார்கள். "புரோக்கர் பார்த்துக்கிட்டார்" என்று ஒருவர் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார். மூன்றாவது கேள்விக்கான விடைகள்தாம் என்னை வியக்க வைத்தன. மழையில் பிரேக் பிடிப்பது. எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் கண்ணைக் கூசும்போது என்ன செய்வது. நிற்கும் பேருந்தின் முன்னாலிருந்து யாராவது ஓடிவரலாம் என்று எதிர்பார்ப்பது. தூக்கம் வந்தால் ஓரங்கட்டுவது. உயிரைக் காக்கும் விஷயங்கள் எல்லாம் மூன்றாவது பட்டியலில் இருந்தன.

லாரி ஓட்டுநரின் மகள் ஒருத்தி தன் அப்பாவின் விடையை எழுதி வந்திருந்தாள். அவர் கிளீனராகச் சேர்ந்து, வண்டி கழுவி, தார்ப்பாய் கட்டி, செட்டுக்குள் லாரியைப் பின்னால் எடுத்து, ஓட்டுநரின் பக்கத்திலேயே ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து கற்றவர். சேலம், நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் லாரித் தொழிலுக்கும் ரிக் வண்டித் தொழிலுக்கும் ஆள் உருவானது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

விவாதத்துக்கு முன் சட்டத்தைத் தெரிந்துகொள்வது அவசியம். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளும் கூறுபவற்றைச் சுருக்கமாக எழுதிப்போட்டேன்.

பொதுவாக உரிமம் பெறும் வயது 18. கியர் இல்லாத, 50 சிசி-க்கு மேற்படாத வண்டிக்கு மட்டும் 16. சரக்கு, வாடகை வாகனங்களுக்கு 20. முதலில் சாலை விதிகள், குறியீடுகள் பற்றிய தேர்வில் 60 விழுக்காடு பெற்றுப் பழகுநர் உரிமம், அதாவது எல்.எல்.ஆர். வாங்க வேண்டும். அது 6 மாதம் செல்லும். குறைந்தது 30 நாள் கழித்தே ஓட்டுநர் தேர்வுக்குப் போகலாம். பழகும் காலத்தில் 'எல்' பலகை வேண்டும், உரிமம் பெற்ற பயிற்றுநர் உடன் இருக்க வேண்டும்.

தேர்வில் சோதிக்க வேண்டியவை பற்றி விதி 15 தரும் பட்டியல் நீளமானது. கண்ணாடியைச் சரிசெய்தல், பின்னால் பார்த்துக் கிளப்புதல், மேட்டில் நிறுத்தி எடுத்தல், குறுகிய இடத்துக்குள் பின்னோக்கிச் செலுத்துதல், சைகை காட்டுதல் எனப் பலவும் அதில் உண்டு. மாணவர்கள் இந்தப் பட்டியலையும் வீட்டிலிருந்து கொண்டுவந்த விடைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். "விதி ஏற்கெனவே கடுமையாத்தானே சார் இருக்கு?" என்றான் ஒருவன். அங்கிருந்துதான் விவாதம் தொடங்கியது.

விவாதம்: இரு அணிகள்

'கடுமையாக்க வேண்டும்' என்ற அணி பிரிட்டனை எடுத்துக்கொண்டது. அங்கே ஓட்டுநர் தேர்வு 1935-ல் கட்டாயமானது. எழுத்துத் தேர்வில் 50 கேள்விகளுக்கு 43 சரியாக இருக்க வேண்டும். 2002 முதல், சாலைக் காட்சிகள் கொண்ட காணொளிகளைக் காட்டி, ஆபத்து உருவாகும் தருணத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லும் தேர்வும் உண்டு. அதன்பின் உண்மையான சாலையில் ஓட்டிக் காட்ட வேண்டும். அதில் ஏறத்தாழப் பாதிப் பேர் தோற்றுப்போகிறார்கள். "அப்பா சாலையில் கற்றதாகச் சொன்ன விஷயத்தை அங்கே தேர்விலேயே கேட்கிறார்கள்" என்பது இந்த அணியின் வலுவான வாதம்.

'கடுமையாக்கினால் மட்டும் பயனில்லை' என்ற அணிக்கு நான் டெல்லியில் நடந்த ஓர் ஆய்வைக் கொடுத்தேன். தமிழ் வம்சாவளியைச் சேர்ந்த பொருளியல் அறிஞர் செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட நால்வர் குழு நடத்தியது. உரிமத்துக்கு விண்ணப்பித்த 822 பேரைப் பின்தொடர்ந்து, முடிவுகளை 2007-ல் வெளியிட்டது. உரிமம் பெற்றவர்களில் சுமார் 71 விழுக்காட்டினர் ஓட்டுநர் தேர்வையே எழுதவில்லை. உரிமம் கிடைத்தபின் ஆய்வாளர்கள் தனியாக ஒரு தேர்வு வைத்தபோது 62 விழுக்காட்டினர் ஓட்டத் தகுதியற்றவர்களாக இருந்தார்கள். முகவர் இல்லாமல் நேர்வழியில் போனவர்கள், நன்றாக ஓட்டத் தெரிந்தும்கூடத் தோல்வியடைந்தது நடந்தது.

இதை வைத்து ஒரு மாணவி கேட்டாள்: "தேர்வைக் கஷ்டமாக்கினா, ஓட்டத் தெரியாதவங்க பயிற்சி எடுப்பாங்களா, புரோக்கர்கிட்டப் போவாங்களா?" எதிரணி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு ஒருவன் எழுந்தான்: "அப்படின்னா தேர்வைக் கேமரா முன்னாடி வைக்கணும் சார். தேர்வு வைக்கிறவரும் கற்றுக்கொடுக்கிறவரும் வேற வேறயா இருக்கணும்."

அவன் சொன்னது இன்றைய நடைமுறையோடு உரசும் கருத்து. 2021 ஜூலை முதல், அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களில் பயின்று தேறியவர்களுக்கு அலுவலகத்தில் மீண்டும் ஓட்டிக் காட்டுவதிலிருந்து விலக்கு உண்டு. இலகுரக வாகனத்துக்கு 29 மணி நேரம், அதில் 8 மணி நேரம் வகுப்பு, 21 மணி நேரம் ஓட்டும் பயிற்சி. கனரக வாகனத்துக்கு 38 மணி நேரம். பயிற்சியின் அளவைப் பார்த்தால் இது நல்ல முன்னேற்றம். கற்பிப்பவரே தேர்ச்சியும் அளிப்பதைப் பார்த்தால் கவனிக்க வேண்டிய இடம். இரண்டையும் மாணவர்கள் முன் வைத்தேன், தீர்ப்புச் சொல்லவில்லை.

எட்டாம் வகுப்புத் தேர்ச்சி

சரக்கு, வாடகை வாகனம் ஓட்டும் உரிமத்துக்கு முன்பு 8-ம் வகுப்புத் தேர்ச்சி தேவைப்பட்டது. 2019-ல் மத்திய அரசு இந்த நிபந்தனையை நீக்கியது. 'படிப்புத் தகுதியைத் தளர்த்துவது ஆபத்து' என்று முதல் அணி வாதிட்டது. ஆசிரியராக எனக்கும் அதில் சாய்வு இருந்தது.

அப்போது அந்த லாரி ஓட்டுநரின் மகள் எழுந்தாள். "எங்கப்பா ஆறாவதுதான் சார் படிச்சிருக்கார். ஆனா இந்தி, தெலுங்கு, கன்னடம் பேசுவார். நாக்பூர் வரைக்கும் போயிட்டு வருவார். இதுவரைக்கும் யாரையும் இடிச்சதில்லை. எட்டாவது படிச்சவங்கதான் நல்லா ஓட்டுவாங்கன்னா, ஒன்பதாவது படிக்கிற நாங்க எல்லாரும் அவரைவிட நல்லா ஓட்டணும்ல?"

அவள் கேட்டது சரியான கேள்வி. சான்றிதழ் வேறு, திறன் வேறு. அதே வேளையில், எச்சரிக்கைப் பலகையைப் படிக்கவும், சரக்கு ஆவணத்தைப் புரிந்துகொள்ளவும், விபத்து நடந்தால் தன் உரிமைகளைத் தெரிந்துகொள்ளவும் எழுத்தறிவு தேவை. நிபந்தனை போனாலும் தேவை போகவில்லை. வகுப்பு இந்த இடத்தில் ஒத்துப்போனது.

2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அளித்த தீர்ப்பையும் சேர்த்துக்கொண்டோம். மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வாகனத்தை, இலகுரக வாகன உரிமம் உள்ளவரே ஓட்டலாம் என்பது அத்தீர்ப்பு. அப்படி ஓட்டுபவர்களால்தான் விபத்து கூடுகிறது என்பதற்குத் தரவு ஏதும் முன்வைக்கப்படவில்லை என்றும் அமர்வு சுட்டிக்காட்டியது. எங்கள் தெருவில் ஓடும் குட்டியானைகள் எல்லாம் இதில் அடங்கும். சான்று இல்லாமல் கட்டுப்பாடு கேட்கக் கூடாது என்பதைக் குடிமையியல் வகுப்பில் இதைவிட எளிதாகச் சொல்ல முடியாது.

தேர்வு பற்றி நமக்குத் தெரிந்தது

உரிமத் தேர்வும் ஒரு தேர்வுதான். தேர்வு எங்கே பயன்படும், எங்கே தவறும் என்பது ஆசிரியர்களாகிய நமக்கு அன்றாட அனுபவம்.

வினாத்தாளில் வருவதை மட்டுமே மாணவர் படிப்பார். எட்டு போடுவதே தேர்வு என்றால், எட்டு போடுவதற்கே பயிற்சி நடக்கும். எட்டு போடுவது வீண் என்று சொல்லவில்லை. குறைந்த வேகத்தில் சமநிலை, திருப்பம், காலை ஊன்றாமல் ஓட்டும் கட்டுப்பாடு ஆகியவற்றை அது நன்றாகவே காட்டும். ஆனால் காலியான திடலில் அடுத்த வண்டியே இல்லை. மற்றவர் என்ன செய்யப்போகிறார் என்று கணிக்கும் திறனை அங்கே அளக்க வழியில்லை.

திறன் கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று எண்ணுவதும் முழு உண்மை இல்லை. பனிமிகுந்த நார்வேயில், புதிய ஓட்டுநர்களுக்கு வழுக்கும் சாலையில் ஓட்டும் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். பிறகு ஆராய்ந்தபோது, இளைஞர்களிடையே அத்தகைய விபத்து குறையவில்லை. இளம் ஆண்களிடம் கூடியிருந்தது. 'எனக்குச் சமாளிக்கத் தெரியும்' என்ற எண்ணம் வேகத்தைக் கூட்டிவிட்டது. இதைக் கேட்டதும் கட்டுப்போட்ட கையோடு இருந்த மாணவன் தலையைக் குனிந்துகொண்டான்.

இன்னொரு மாணவன் நம் ஊர் எடுத்துக்காட்டைத் தந்தான். "ஆடி மாசம் வண்டி வேடிக்கை அன்னைக்கு அவ்வளவு பெரிய வண்டியை அந்தக் கூட்டத்துக்குள்ள எவ்வளவு மெதுவா கொண்டு வர்றாங்க சார்! வேகமா ஓட்டுறது திறமை இல்ல, அதுதான் திறமை."

நியூசிலாந்து 1987-ல் படிப்படியான உரிம முறையைக் கொண்டுவந்தது. புதியவருக்கு முதலில் இரவு நேரத்துக்கும், உடன் ஏற்றிச்செல்லும் ஆட்களுக்கும் கட்டுப்பாடு. அனுபவம் பெற்றபின் முழு உரிமம். ஒரே நாள் தேர்வை மட்டும் நம்பாமல் தொடர் மதிப்பீட்டை நம்பும் முறை இது. நாம் வகுப்பறையில் பின்பற்றுவதும் அதைத்தானே?

மூன்றாம் பாடவேளை: அளவுகோலும் நூலும்

விவாதத்தின் சூடு தணிந்தபின் அறிவியலுக்குப் போனோம். 9-ம் வகுப்பு 'இயக்கம்' பாடத்துடன் இது நேராகப் பொருந்தும்.

செயல்பாடு 1. இருவர் ஒரு குழு. ஒருவர் 30 செ.மீ. அளவுகோலைச் செங்குத்தாகப் பிடித்துத் திடீரென விட வேண்டும். மற்றவர் சுழியத்துக்கு நேரே விரல்களை விரித்து வைத்திருந்து பிடிக்க வேண்டும். 20 செ.மீ.-இல் பிடித்தால் எதிர்வினை நேரம் ஏறத்தாழ 0.2 வினாடி. அடுத்த முறை, பிடிப்பவர் 17-ம் வாய்பாட்டைச் சொல்லிக்கொண்டே பிடிக்க வேண்டும். பலருக்கு அளவுகோல் கையில் சிக்காமல் தரையில் விழுந்தது. கைப்பேசியில் பேசிக்கொண்டு ஓட்டக் கூடாது என்று நான் அதன்பின் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

செயல்பாடு 2. மணிக்கு 36 கி.மீ. வேகம் என்பது வினாடிக்கு 10 மீட்டர். ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க 1 வினாடி ஆகிறது என்று கொள்வோம். அதற்குள் வண்டி 10 மீட்டர் போய்விடும். வேகம் வினாடிக்கு 5 மீ/வி வீதம் குறைந்தால், நிற்பதற்கு மேலும் 10 மீட்டர். மொத்தம் 20 மீட்டர். இப்போது வேகத்தை இரட்டிப்பாக்கி 72 கி.மீ. என்று கொள்வோம். எதிர்வினைத் தொலைவு 20 மீட்டர், பிரேக் தொலைவு 40 மீட்டர். மொத்தம் 60 மீட்டர். வேகம் இரு மடங்கு, பிரேக் தொலைவு நான்கு மடங்கு.

இதை நூல் பிடித்து அளந்தோம். 20 மீட்டர் எளிதாக முடிந்தது. 60 மீட்டர் நூல், மைதானச் சுற்றுச்சுவரைத் தொட்டபின்னும் மீதியிருந்தது. சுவரில் சாய்ந்து நின்ற மாணவர்கள் கையிலிருந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2022-ல் நாட்டின் சாலை இறப்புகளில் 71.2 விழுக்காட்டுக்கு மிகை வேகமே காரணமாகப் பதிவாகியுள்ளது என்பதை அங்கே வைத்துத்தான் சொன்னேன்.

தொப்பூர் கணவாய்க் கணக்கு (10-ம் வகுப்புக்கும் ஏற்றது). சேலத்துக்கும் தருமபுரிக்கும் இடையில் உள்ள தொப்பூர் இறக்கத்தில், 2020 டிசம்பரில் கட்டுப்பாட்டை இழந்த லாரி ஒன்று வரிசையாக நின்ற கார்கள்மீது மோதியதில் 4 பேர் இறந்தார்கள். இறக்கத்தில் ஏன் லாரிகள் இப்படிக் கட்டுப்பாட்டை இழக்கின்றன? 25 டன் எடையுள்ள லாரி 100 மீட்டர் உயரம் கீழிறங்குவதாகக் கொண்டால், நிலை ஆற்றல் இழப்பு 25,000 × 10 × 100, அதாவது 2.5 கோடி ஜூல். வேகம் கூடாமல் இறங்க வேண்டுமானால் இந்த ஆற்றலின் பெரும்பகுதி வெப்பமாக வெளியேற வேண்டும். இது சுமார் 85 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகும் வெப்பம். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கினால் அத்தனை வெப்பத்தையும் பிரேக்கே தாங்க வேண்டும். சூடேறிய பிரேக் பிடிக்காது. குறைந்த கியரில் இறங்கினால் இன்ஜினும் வண்டியை இழுத்துப் பிடிக்கும். சமதளத் திடலில் நடக்கும் தேர்வு இதை ஒருபோதும் கேட்காது. கடுமை வேண்டியது இங்கேதான் என்று இரு அணிகளும் ஒப்புக்கொண்டன.

வகுப்பு எடுத்த முடிவு

மூன்றாம் நாள் முடிவில் மாணவர்கள் தலைப்பையே திருத்தி எழுதினார்கள். 'தேர்வு கடுமையாக வேண்டுமா?' என்பதற்குப் பதிலாக, 'தேர்வு எதைச் சோதிக்க வேண்டும்?' என்றாயிற்று. அவர்கள் கேட்டவை மூன்று: ஆபத்தை முன்கூட்டியே காணும் திறனும், மழை, இரவு, மலைச்சாலை ஓட்டமும் தேர்வில் இடம்பெற வேண்டும். இடைத்தரகர் நுழைய முடியாதபடி தேர்வு பதிவுசெய்யப்பட வேண்டும். புதியவருக்கு உரிமம் படிப்படியாகக் கிடைக்க வேண்டும். என் கருத்தும் இதுவே. ஏற்கெனவே உள்ள விதி 15-ஐ முழுமையாக நடத்தினாலே பாதித் தூரம் கடந்துவிடலாம் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.

நம் பங்கு

உரிமத் தேர்வு சில நிமிடங்களில் முடியும். அதற்கு முன் 12 ஆண்டுகள் பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள்.

தொடக்க வகுப்புகளில் தெருப்படம் ஒன்றைக் காட்டி, "இதில் அடுத்து என்ன நடக்கலாம்?" என்று கேளுங்கள். உருண்டு வரும் பந்தின் பின்னால் ஒரு குழந்தை வரும் என்று கணிக்கும் பிள்ளை, ஆபத்தை உணரும் முதல் பாடத்தைக் கற்றுவிட்டது. நடுநிலை வகுப்புகளில் குறியீடுகளையும் மிதிவண்டிச் சைகைகளையும் பழக்கலாம். 11-ம் வகுப்பில் விலையில்லா மிதிவண்டி வழங்கும் நாளை, சாலைப் பயிற்சி நாளாகவும் ஆக்கலாம். தமிழ் வகுப்பில் விவாத மேடை, கணக்கில் சராசரி, விழுக்காடு என்று ஒவ்வொரு பாடத்துக்கும் இதில் இடமுண்டு.

பெற்றோர் கூட்டத்தில் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 2019 சட்டத் திருத்தத்தின்படி, சிறார் வண்டி ஓட்டிக் குற்றம் நிகழ்ந்தால் பாதுகாவலர் அல்லது உரிமையாளருக்கு 3 ஆண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். வாகனப் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளை 25 வயது வரை உரிமம் பெற முடியாது. அச்சுறுத்தலாக அல்ல, தகவலாகச் சொல்லுங்கள். கூடவே, நாம் தலைக்கவசம் அணிந்து பள்ளி வாசலில் வந்து இறங்குகிறோமா என்பதையும் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தலைக்கவசம் அணியாமல் 2022-ல் இறந்தவர்கள் 50,029 பேர்.

அந்த மாணவனின் வீட்டுக்கும் போனேன். சித்தப்பா வீட்டிலேயே வெள்ளிக் கொலுசு வேலை செய்கிறார். "சாமானைப் பட்டறையில கொடுத்துட்டு வர ஆள் இல்லைங்க சார், அதான் பையனை அனுப்பினேன்" என்றார். தவறு என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது. வேலையை விட்டு நகர முடியாத நெருக்கடி அது. வெகுநேரம் பேசினோம். கடைசியில், இனிமேல் நானே போய்க் கொடுக்கிறேன் என்றார்.

சில வாரங்கள் கழித்து, மதிய இடைவேளையில் அந்த மாணவன் நூலகத்தில் சாலைக் குறியீடுகளை நோட்டில் வரைந்துகொண்டிருந்தான். எதற்கு என்று கேட்டேன்.

"சித்தப்பா எல்.எல்.ஆர். போடப் போறாருங்க சார். ராத்திரியில நான்தான் அவருக்குக் கேள்வி கேட்கிறேன்."